ஓலைக்கோயில் நடந்த தூரம்

வெள்ளோலைவிளையில் வேதக்கோயில் நடக்க ஆரம்பித்த வருஷம் எது என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், பஞ்சத்துக்கு முந்தி என்பார்கள், காலராவுக்குப் பிந்தி என்பார்கள், ஆனால் முதல்முதலாக அது நகர்ந்த அன்று அன்னப்பழத்தின் செம்பு கோயிலை விட்டுத் தூரமாய்ப் போய்விட்டது என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. வழக்கம்போல வாசல் தூணுக்குப் பக்கத்தில் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தவள், உபதேசியார் நீளமாக ஜெபித்து முடித்ததும் கண்ணைத் திறந்து, எழுந்து, வெளியே வந்து கையை நீட்டினால் செம்பைக் காணோம், அது கூப்பிடு தூரத்தில் வெறும் மணலில் தனியாக நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் காலையில் தூண்கள் நின்ற குழிகள் வாய் பிளந்து கிடக்கின்றன, குழிகளுக்கு அப்பால் அவள் புருஷன் தவசிமுத்துவின் கல்லறை மேடு. "ஏல, எவம்ல என் செம்ப நகத்துனது?" என்று சத்தம் போட்டாள். எல்லோரும் வந்து பார்த்தார்கள். செம்பு வைத்த இடத்திலேயே இருந்தது, கோயில்தான் தள்ளி வந்திருந்தது. இதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, புரிந்த பிறகு அன்னப்பழம் நடந்து போய்ச் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சமைக்கப் போனாள்.

கோயில் என்றால் கோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பனந்தடித் தூண்கள், பனையோலைக் கூரை, சுற்றிலும் ஓலைத் தட்டி, கீழே தேரிக்காட்டின் செம்மணல், அவ்வளவுதான். ஆனால் அந்த ஓலைக்குப் பின்னால் இருந்த நெஞ்சுரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. பனையேறிப் பிழைத்த நாலைந்து குடும்பங்கள் ஒருநாள் திடீரென்று கிறிஸ்துவுக்கு மாறி, நாங்கள் இனி வேதக்காரர்கள் என்று சொன்னபோது, ஊர் அவர்களுக்குக் கிணற்றை அடைத்தது, கருப்பட்டியை வாங்க மறுத்தது, கோயிலுக்கு ஒருமுறை தீ வைத்தது, மறுபடி கட்டியதும் மறுபடி வைத்தது. எரித்தவர்களுக்குக் கை வலித்ததே தவிர ஓலை பின்னியவர்களுக்கு வலிக்கவில்லை. பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னினார்கள், அந்தப் பாட்டும் அவர்களுக்குப் பாதிதான் தெரியும், மீதிப் பாதிக்கு அவர்களே வார்த்தை போட்டுக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் முதல் ஆள் அன்னப்பழம்தான். சந்தையில் கருப்பட்டி விற்கப் போனவள், அங்கே புளியமரத்தடியில் மாசிலாமணி உபதேசியார், குச்சிக் கையும் பெரிய தொண்டையுமாக நின்று, சாமிக்கு முன்னால் எல்லோரும் ஒரே தரையில்தான் உட்கார வேண்டும் என்று சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். தேரோடும் வீதியில் எங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாது என்றிருந்த காலம் அது, கோயிலை அவள் பார்த்ததே வயல் வரப்பிலிருந்து கோபுரத்தின் நுனியைத்தான். அவள் நின்று கேட்ட நேரத்துக்கு வெயிலில் கருப்பட்டியெல்லாம் இளகி ஓலைப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து புருஷனிடம், "கருப்பட்டி போச்சு, போனாப் போவுது, நான் ஒரு நல்ல சேதி கேட்டுட்டு வந்திருக்கேன்" என்றாளாம். தவசிமுத்து பெண்டாட்டி சொல்லைத் தட்டுகிற ஆள் இல்லை, அவரே காட்டில் மரம் தறித்து, தூண் சுமந்து, முதல் கோயிலுக்குக் கால் ஊன்றினார்.

அந்த மனிதர்தான் அடுத்த வருஷம் பனையிலிருந்து விழுந்தார். பழைய சாமி பார்த்துக் கொடுத்த அடி என்றது ஊர், வேதத்துக்கு வராத சொந்தக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, வேதக்காரர்களிலோ குழி வெட்டத் தெரிந்தவர்கள் இல்லை. அப்போது யாரும் கூப்பிடாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப்பக்கமிருந்து ஒருவர் வந்தார். அவர் பெயர் பலவேசம். ஓடைக்கு அந்தக் கரையில் சில குடிசைகள் உண்டு, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சேதி சொல்லவும் குழி வெட்டவும் போகிறவர்கள் அங்கே இருந்தார்கள். தேரோடும் வீதிக்காரர்கள் எங்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்தினார்களோ, ஏறக்குறைய அதே தூரத்தில் நாங்கள் அவர்களை நிறுத்தியிருந்தோம், அதில் எங்களுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. நான் இப்போது அவர் இவர் என்று மரியாதையாக எழுதுகிறேனே தவிர, எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைகள்கூட அவரை அன்றைக்கு அவன் என்றுதான் சொன்னார்கள்.

பலவேசம் கோயிலை ஒட்டி நல்ல ஆழமாகக் குழி வெட்டினார், தேரி மணல் சரியாமல் பக்கமெல்லாம் ஓலை கொடுத்து வெட்டினார், அடக்கம் முடிந்து மேடு கட்டிய பிறகு தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள, அன்னப்பழம் அழுத கண்ணோடு, செம்பு பட்டையில் பட்டுவிடாமல் உயரத்தில் பிடித்து ஊற்றினாள். குடித்து முடித்ததும் அவர் கூலி கேட்கவில்லை. "தாயி, ஒண்ணு கேக்கட்டா? அங்க உள்ள இருந்து சொல்லுதாகள்லா, அத நானும் கேக்கலாமா?" என்றார்.

"கேளேன், யாரு வேண்டாம்னா?" என்றாள் அன்னப்பழம். பிறகு, மூக்கைச் சிந்திவிட்டு, கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா தெரியுதுல்லா உடமரம், அதுக்கிட்ட நின்னு கேளு. அதுக்கு இங்கிட்டு வந்திராத."

"சரி தாயி" என்றார் பலவேசம்.

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நாக்கில் பழகியிருந்த வார்த்தை வந்துவிட்டது, அவ்வளவுதான், அன்றைக்கு அவளுக்கு இருந்த துக்கத்தில் ஐந்து நிமிஷத்தில் அதை மறந்தும் விட்டாள். பலவேசம் மறக்கவில்லை. அந்த ஞாயிறு முதல் உடைமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார், காது நல்ல கூர்மை, உபதேசியாருக்குத் தொண்டையும் பெரிசு, ஆகவே ஒரு சொல் தப்பாமல் கேட்டது. அதற்குச் சில வருஷம் கழித்துத்தான் கோயில் நகர்ந்தது, செம்பு நின்றது, நான் முதலில் சொன்ன கதை.

நகர்ந்தது ஒருநாளோடு நிற்கவும் இல்லை. வாராவாரம் ஜெபத்தில் எல்லோரும் கண் மூடியிருக்கும்போது ஒரு குலுக்கல் இல்லாமல், ஓர் ஓலை சலசலக்காமல் கோயில் கொஞ்சம் போகும், உள்ளே இருப்பவர்களும் இருந்தபடியே அதோடு போவார்கள், கண்ணைத் திறந்தால் உட்கார்ந்திருப்பது வேறு மணலாக இருக்கும். உபதேசியார் உலகம் உண்டான நாளில் தொடங்கி அன்றைக்குக் காய்ச்சலில் கிடக்கும் கன்றுக்குட்டி வரை வந்து முடிக்கிற ஆள், அவர் ஜெபித்த வாரங்களில் கோயில் அதிக தூரம் போயிற்று, வேறு யாராவது சுருக்கமாக ஜெபித்தால் ஒரு பாய் அகலத்தோடு நின்றுகொண்டது. இது எப்படி நடக்கிறது என்று யாராவது உபதேசியாரிடம் கேட்டால், "நடத்துதவருக்குத் தெரியும், நாம ஏன் குறுக்க விழுந்து கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுவார்.

மக்களுக்கும் காரணத்தைவிடக் காரியம்தான் பெரிதாக இருந்தது. ஆண்கள் கைத்தடியை வாசலில் வைப்பதை விட்டுவிட்டு உள்ளேயே மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி பிள்ளையை வெளியே வடலிப் பனையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு வந்து, ஜெபம் முடிந்ததும் தலைதெறிக்க ஓடினாள், அன்றிலிருந்து கைக்குழந்தைகள் எல்லாம் கோயிலுக்குள் வந்தன, எங்கள் ஊர் ஆராதனையில் இன்றைக்கும் பிரசங்கத்தைவிடப் பிள்ளை அழுகை அதிகமாகக் கேட்பதற்கு அதுதான் ஆதி காரணம். தூண் நின்ற பழைய குழிகளில் பெண்கள் பீர்க்கு விதை போட்டார்கள், கோயில் வந்த வழியெல்லாம் மஞ்சளாகப் பூத்தது. மூன்றாம் தடவையாகத் தீ வைக்க வந்தவர்கள் பழைய இடத்தில் குழிகளை மட்டும் பார்த்துவிட்டு, பயந்து ஓடிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒரு ஞாயிறு கண்ணைத் திறந்தபோது பெண்கள் பக்கத்தில் நடுவாக ஒரு ஆடு முளைக்குச்சியோடு நின்று யாருடைய முந்தானையையோ மென்றுகொண்டிருந்தது, மேய்ந்த இடத்தில் கோயில் வந்து அதன்மேல் நின்றிருக்கிறது. ஆட்டைத் தேடி வந்த பிச்சம்மாள் கோயிலுக்குள் வரமாட்டேன் என்று வெளியே நின்று ஏசினாள், அடுத்த வாரம் ஆட்டை வேறு இடத்தில் கட்டித் தானும் பக்கத்தில் காவலுக்குப் படுத்தாள், ஜெபம் முடிந்தபோது அவளும் ஆடுமாக உள்ளே இருந்தார்கள். "சரி, வந்ததுதான் வந்தாச்சு" என்று காலை நீட்டி உட்கார்ந்தவள் பிறகு எழுந்து போகவேயில்லை. இப்படி வழியில் சேர்ந்தவர்கள் பலபேர், கூரை போதாமல் இரண்டு தடவை ஓலை கூட்டி இழுத்துக் கட்டினார்கள். எங்கள் சபை வளர்ந்த கதை இதுதான், ஆள் பிடிக்கப் போனோம் என்று எங்களை யாரும் சொல்ல முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை குதிரையில் வருகிற வெள்ளைக்காரப் பாதிரியார் பழைய இடத்தில் வந்து இறங்கிக் கோயிலைக் காணாமல் திகைத்து, பீர்க்கங்கொடிகளைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்கள் நாட்டில் கோயில்கள் அசைவதில்லை, ஏனென்றால் அவை கல்லால் ஆனவை என்றார். ஆடிக்காற்று அடங்கியதும் கொத்தனாரையும் கல்லையும் வண்டியில் கொண்டு வருகிறேன், அன்றைக்குக் கோயில் எங்கே நிற்கிறதோ அங்கேயே அஸ்திவாரக் கல் வைத்துக் கட்டிவிடுவோம், பிறகு நீங்கள் செம்பைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். கற்கோயில் என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷம் இரண்டு நாள்தான். தவசிமுத்துவின் தம்பி ஆசீர்வாதம்தான் முதலில் அதைச் சொன்னான், கோயில் திசைமாறாமல் ஓடையைப் பார்த்துத்தான் போகிறது என்று. "இன்னும் நாலு ஜெபம் நீளமாப் பண்ணுனா ஓடையத் தாண்டி அவனுவ குடிசைக்குப் போயிரும். அங்க கல்லு வச்சிட்டா நம்ம பொம்பளப்பிள்ளைய அங்கேயா போய் உக்காரும்?" என்றான். அதைக் கேட்டு நல்லவர்கள்கூடத் தலையை ஆட்டினார்கள். அடி வாங்கினவர்கள், தண்ணீருக்கு அலைந்தவர்கள், எரிந்த கூரையை மறுபடி வேய்ந்தவர்கள், அவர்களும் ஆட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வருகிறது, ஆனால் அவர்களைவிட நான் மேலானவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்னப்பழத்தின் பயம் வேறு. "எனக்கு ஓடையும் தெரியாது, கீடையும் தெரியாது. எங்க வீட்டுக்காரவிய பக்கத்துல நின்ன கோயிலு, அவிய ஊண்டுன தூணு, இப்பவே அவியள விட்டு இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. மண்ணு மூடிருச்சுன்னா அவிய எங்க கெடக்காவன்னுகூட எனக்குத் தெரியாமப் போயிரும். இனிமே ஒரு அடி போக விடமாட்டேன்" என்றாள். அவள் பயந்ததில் பொய் இல்லை. தேரியில் ஆடிக்காற்று ஒரே வாரத்தில் ஒரு குன்றைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்துவிடும், ஆளில்லாத கல்லறையை மூடுவது அதற்கு ஒரு வேலையே இல்லை. பக்கத்தில் கோயில் இருந்தவரை தட்டி காற்றை மறித்தது, கோயில் போன பிறகு மறிப்பதற்கு ஒன்றுமில்லை.

நிறுத்தும் வழியும் ஆசீர்வாதத்துக்குத் தெரிந்திருந்தது. முன்பு அவனுக்குக் கண்கட்டி வந்து, இமையை மூட முடியாமல் ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபத்தில் இருந்த வாரங்களில் கோயில் அசையவே இல்லை, கட்டி உடைந்து கண் மூடிய அன்றுதான் மறுபடி போயிற்று. கைக்குழந்தைகளைக் கோயில் கணக்கில் எடுக்கவில்லை, ஆனால் உள்ளே பெரியவர் ஒருவர் கண்ணைத் திறந்திருந்தால் போதும், அது கூச்சப்பட்டுக்கொண்டு நின்றுவிடும். ஆகவே எங்கள் ஆட்கள் கூடிப் பேசி சபையில் ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார்கள், மற்றவர்கள் ஜெபிக்கும்போது ஜெபிக்காமல் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும் பதவி. உலகத்தில் வேறு எந்தச் சபையிலும் இப்படி ஒரு பதவி இருந்திருக்காது. நான் இருக்கிறேன் என்று அன்னப்பழம் முதலில் கையைத் தூக்கினாள். உபதேசியார் மட்டும் அவளைப் பார்த்து, "நீயா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் ஜெபம் என்றால் அன்னப்பழம்தான், மழை வேண்டுமென்றாலும் பிரசவம் கஷ்டமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் இப்போது வாசலோரம் உட்கார்ந்து, எல்லோரும் தலைகுனிந்திருக்க, மேற்கே பீர்க்கம்பூக்களுக்கு அப்பால் சிறிதாகத் தெரிந்த கல்லறை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் ஓர் இம்மி நகரவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு அவளுக்கு ஜெபம் வரவுமில்லை, வாயில் வார்த்தை வந்தாலும் நெஞ்சு ஒட்டவில்லை, மணல் விழுந்து கண் எரிந்தது. வீட்டில் தனியாக முழங்கால் போட்டாலும் அதே கதை. யாரிடமும் சொல்லாமல் அவள் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருந்தாள், தவசிமுத்து செத்தபோதுகூட அவள் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஒரே ஆறுதல், சனிக்கிழமை சாயங்காலந்தோறும் அவள் போய்ப் பார்க்கும்போது கல்லறைமேல் மணல் ஏறாமல் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் அங்கங்கே இடுப்புயரம் மணல் சேர்ந்திருக்க, மேடு மட்டும் சாணி மெழுகின தரையாக விளிம்பு கலையாமல் இருந்தது. காற்றுக்குக்கூட அவர்மேல் இரக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடி போய் ஆவணி பிறந்தது. பாதிரியார் ஞாயிறு காலை வருவதாகச் சேதி வந்தது, கொத்தனார் வெள்ளிக்கிழமையே வந்து கோயில் வாசலுக்கு முன்னால் அஸ்திவாரக் கல்லை இறக்கிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் சமையல் வேலை இருக்கும் என்று அன்னப்பழம் உச்சிவெயிலிலேயே கல்லறைக்குப் போனாள். போனால் அங்கே பலவேசம் குனிந்து, இரவு ஏறிய மணலை மண்வெட்டியால் பதமாக வழித்து ஓலைப்பெட்டியில் வாரிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"நீயா?" என்றாள் அவள். "நீயா இத்தன நாளும் அள்ளுத?"

"கோயிலு தள்ளிப் போயிட்டுல்லா தாயி. ஆளு ஒத்தையில கெடக்காரேன்னு இருந்துச்சு. நான் வெட்டுன குழிதான, நாந்தான பாக்கணும்."

எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். "கோயிலுதான் இப்ப ஒங்க பக்கம் வந்துட்டே. நல்லாக் கேக்குமே ஒனக்கு?"

"இல்ல தாயி" என்றார் பலவேசம். "முந்தி நல்லாக் கேக்கும். இப்பக் கேக்கல்ல."

"ஏன், காது மந்தமாயிட்டா?"

"காது நல்லாத்தான் இருக்கு. கோயிலு கிட்ட வர வர நான் பின்னால போறேம்லா. நீங்க உடமரம்னு சொன்னீங்க. கோயிலு எங்க பக்கம் வந்தா உடமரம் கிட்டமா ஆயிரும்லா. அதான் நான் ஓடைக்குள்ள எறங்கி நின்னேன். அப்புறம் எங்க குடிசைக்கிட்ட. அதுவும் கிட்டமாயிட்டு. எப்ப எம்புட்டு வரும்னு தெரியாதுல்லா, அதனால இப்ப கூடத் தள்ளி, குடிசைக்கு அங்கிட்டு மேட்டுல நிக்கேன். மேலக்காத்து அடிச்சா பாட்டு கேக்கும். செபம் சரியாக் கேக்காது." ஜெபம் என்பதை அவர் செபம் என்றுதான் சொல்வார். "நீங்க சொன்ன தூரம் கொறையக் கூடாதுல்லா."

அவர் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பெட்டி மணலைத் தூரமாய்க் கொட்டப் போனார். அன்னப்பழம் கல்லறை மேட்டில் கையூன்றி உட்கார்ந்துவிட்டாள். பட்டையில் உயரத்திலிருந்து ஊற்றிய தண்ணீர் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரே தரை என்ற சொல்லைக் கேட்டு ஒரு பெட்டிக் கருப்பட்டியை வெயிலில் விட்டவள் அவள். அந்தச் சொல்லை நம்பித்தான் இத்தனை அடியும் பட்டாள், அந்தத் தரையில் கோடு கிழித்ததும் அவள் கைதான். கோயில் மாதக்கணக்காக நடந்து நடந்து அவள் சொன்ன ஒரு வார்த்தையைத் தாண்ட முடியாமல் தவித்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் திரும்பி வந்ததும் எழுந்து நின்றாள். "நாளைக்கும் மேட்டுல வந்து நில்லு" என்றாள். "ஆனா பின்னால போகக் கூடாது. நின்ன எடத்துலயே நிக்கணும்."

"கோயிலு வந்தா தாயி?"

"வரட்டும்."

மறுநாள் காலை கோயில் நிரம்பியிருந்தது. பாதிரியாரின் குதிரையை வேப்பமரத்தில் கட்டினார்கள், கொத்தனார் சாந்து குழைத்து வைத்துவிட்டு உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தான், ஜெபம் முடிந்ததும் கல் வைப்பதென்று ஏற்பாடு. அன்னப்பழம் தன் பதவியில், வாசலோரத்தில் இருந்தாள். பாதிரியார் அன்றைக்கு மாசிலாமணி உபதேசியாரையே ஜெபிக்கச் சொன்னார். எல்லாத் தலையும் குனிந்தது, எல்லாக் கண்ணும் மூடியது, பாதிரியார் கண்ணும் கொத்தனார் கண்ணும் மூடின. உபதேசியார் உலகம் உண்டான நாளிலிருந்து தொடங்கினார்.

அன்னப்பழம் மேற்கே பார்த்தாள். மேடு தெரிந்தது, அதன்மேல் வெயில் விழுந்து கிடந்தது. அவருடைய கைமுட்டி, பாளையருவாள் பட்ட தழும்பு, கருப்பட்டி போனால் போகிறது என்று அவள் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு எல்லாம் கண்முன்னால் வந்தன. "போயிட்டு வாரேன் என்ன" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். பிறகு கண்ணை மூடினாள். மூடிய கணமே மாதக்கணக்காக வராத ஜெபம் மடை திறந்து வந்தது, அவள் தேம்பித் தேம்பி அழுதது முன்வரிசைவரை கேட்டதென்று சொல்வார்கள், ஆனாலும் யாரும் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

அன்றைய ஜெபம்போல் நீண்ட ஜெபம் எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் இல்லை. கன்றுக்குட்டி வரை வந்து, ஆமென் சொல்லி, எல்லோரும் கண்ணைத் திறந்தபோது கோயில் ஓடையைத் தாண்டி, குடிசைகளைத் தாண்டி, மேட்டின்மேல் நின்றது. ஆண்கள் பக்கம் நடுவில், ஆசீர்வாதத்தின் தோளில் தோள் படாத குறையாக, பலவேசம் துண்டை இடுப்பில் கட்டியபடி நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் அவரோடு கேட்க வந்திருந்த குடிசைப் பெண்கள் பிள்ளைகளை அணைத்தபடி திகைத்து நின்றார்கள்.

"நான் அசையல்ல தாயி" என்றார் பலவேசம். "நீங்க சொன்னாப்ல நின்ன எடத்துலயே நின்னேன். கோயிலுதான் வந்துட்டு."

ஆசீர்வாதம் வாயைத் திறந்தான். திறந்தவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தில் என்ன கண்டானோ, திறந்த வாயை மூடிக்கொண்டு, இடுப்பை நகர்த்தித் தன் பாயில் பாதியைக் காலி பண்ணினான். "நின்னுக்கிட்டே இருந்தா பின்னால உள்ளவனுக்கு மறைக்கும்லா, உக்காரும்" என்றான். ஆட்டுக்காரி பிச்சம்மாள் குடிசைப் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினாள், வழியில் வந்து சேர்ந்தவளுக்கு வழியில் வருகிறவர்களைத் தெரியும்.

பாதிரியார் யார் இவர் என்று கேட்டார். எங்க வீட்டுக்காரருக்குக் குழி வெட்டினவர், வருஷக்கணக்காக வேதம் கேட்கிறவர் என்று அன்னப்பழம் சொன்னாள். பாதிரியார் அவரைச் சில கேள்விகள் கேட்டார், கோயில் தூரத்தில் இருந்த காலத்தில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பலவேசம் சரியாகச் சொன்னார், கோயில் கிட்டே வந்த பிறகு சொல்லிக்கொடுத்தது ஒன்றும் தெரியவில்லை. பாதிரியாருக்கு அது ஏனென்று புரியவில்லை, எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது, பலபேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த மாதமே அவருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அன்றைக்குக் கல் வைக்க முடியவில்லை, கல்லும் சாந்தும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தன, மேட்டு மணலில் அஸ்திவாரம் நிற்காது என்றும் கொத்தனார் கையை விரித்துவிட்டான். பிற்பாடு ஆசீர்வாதமும் பலவேசமும் ஆளுக்கொரு பக்கம் கம்பில் கட்டித் தூக்கிப் போய் அந்தக் கல்லைத் தவசிமுத்துவின் தலைமாட்டில் நட்டார்கள், எவ்வளவு மணல் ஏறினாலும் இடம் தெரியட்டும் என்று. இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது. கோயில் ரொம்ப காலம் ஓலையாகவே இருந்தது, அந்த வருஷங்களில்தான் சபை பெருகியது.

அன்றைக்கு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த குடை, கூடை, பாதிரியாரின் குதிரை எல்லாம் ஓடைக்கு அப்பால் குட்டிகுட்டியாகத் தெரிந்தன, சிரித்துக்கொண்டும் அலுத்துக்கொண்டும் ஆட்கள் அவற்றை எடுக்க நடந்தார்கள். கல்லறை கண்ணுக்கே தெரியவில்லை. அன்னப்பழம் அந்தத் திசையில் நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பலவேசம் பின்னால் வருகிறார், நல்ல இடைவெளி விட்டு. அவள் நின்றாள், அவரும் நின்றார். அவள் நடந்தாள், அவரும் நடந்தார். மறுபடி நின்றாள், மறுபடி நின்றார். தூரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்று பார்த்தார்கள்.

அவள் திரும்பி, வந்த வழியே நடந்து, அவர் பின்னால் போவதற்குள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"கோயிலு இம்புட்டுத் தூரம் நடந்திருக்கு" என்றாள். "நாம நடக்கக் கூடாதா? கூட வாங்க அண்ணே."